இரண்டு கோடு போட்ட டயர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் என்னவோ ஏதோ என்று அவசரமாகப் பிரித்திருப்பாய். ஒன்றும் இல்லை, வீட்டில் நானும் உன் அம்மாவும் நலமாகவே இருக்கிறோம். நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு. போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "சரி அண்ணி, சரி அண்ணி" என்று நாலு சரி சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வெட்டிவிட முடியாது பார், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

அத்தைக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பத்து நாள் குனியக் கூடாது, இருமக் கூடாது, கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதல் இரண்டையும் எப்படியோ சமாளித்துவிட்டோம். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மின்விசிறி இறக்கையில் இருந்த தூசியைக் காட்டி, இத்தனை நாள் இந்தக் குப்பைக்குள்ளா என்னை வைத்திருந்தாய் என்று கேட்டார். பார்வை நன்றாக வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்குக் கம்பெனியில் ஒரு படி ஏற்றிவிட்டிருக்கிறார்கள். முன்பு சட்டைக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தேன் அல்லவா, இப்போது தைத்து முடித்த சட்டைகளைப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. யார் எங்கே ஊசி தவறினாலும் இந்த அம்மா கண்ணுக்குத் தப்பாது என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் சொன்னார். பக்கத்து மேசைக்காரிகள் கைதட்டினார்கள். எனக்கு என்னமோ அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, ஸ்பேனர் என்று நீங்கள் பட்டப்பெயர் வைத்தவன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். உங்கள் பந்தயக் காருக்குள் கம்பிக் கூண்டு வெல்டிங் செய்து கொடுத்த அதே ஸ்பேனர்தான். எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் கதவுக் கீலை ஆட்டிப் பார்க்கிற வழக்கம் அவனை விட்டு இன்னும் போகவில்லை. கூட வந்தவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். உன் அண்ணனையும் உன்னையும் போலவே வாரம் முழுக்க ஒழுங்காக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையானால் பைத்தியம் பிடிக்கிற ரகம். பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி, உள்ளே இருந்த சீட்டையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பந்தயத் தடத்தில் ஓட்டப் பழகுகிறாராம். புது டயர் அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. "புது டயர் வாங்கணும்னா காரை விக்கணும்மா, காரை வித்துட்டா டயர் எதுக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். உன் அண்ணனும் இதே பேச்சைத்தான் பேசுவார் என்பது சிரித்த பிறகுதான் உறைத்தது.

நம் வீட்டுக் கொட்டகையில் நாலு பந்தய டயர் சும்மா கிடப்பதாக ஸ்பேனர் அவரிடம் சொல்லியிருக்கிறான். நானும் மறுக்கத் தெரியாமல் சாவியை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்தக் கொட்டகையைத் திறந்து ஒரு வருஷம் இரண்டு மாதம் ஆகிறது. உன் அண்ணன் போனதும் பூட்டியது. பூட்டினால் மட்டும் அது என்னை விட்டதா? பகலில் வெயில் ஏறினால் கூரைத் தகரம் டக், டக், டக் என்று அடிக்கிறது. சக்கரத்தைப் பூட்டிய பிறகு அவர் ஒவ்வொரு நட்டாகத் தட்டிப் பார்ப்பாரே, அதே இடைவெளி. நாலு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி நாலு தட்டு. விடுமுறை நாளில் வீட்டில் இருந்தால் என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருக்கிறேன். நாலாவது தட்டு வராவிட்டால் எழுந்து போய்ப் பார்க்கலாமா என்று இருக்கிறது. துவைத்துக் காய்ந்த துணியை மடிக்கும்போதுகூட ரப்பர் வாசம் வருகிறது. அத்தையிடம் கேட்டேன். உனக்கு மூக்கில்தான் கோளாறு என்றார். ஆனால் அந்தப் பக்கத்து ஜன்னலை அவரும் சாத்தியேதான் வைத்திருக்கிறார்.

கதவைத் திறந்ததும் வாத்தியார் உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். பிறகு எனக்கே வெட்கமாகி ஒரு டயரின் மேல் கையை வைத்தேன். உனக்கு ஞாபகம் இருக்குமே, ஒவ்வொரு ஓட்டம் முடிந்து வந்ததும் உன் அண்ணன் என் கையைப் பிடித்து டயர் மேல் வைத்து, "தொட்டுப் பாரு, உயிர் இருக்கு" என்பார். அன்றைக்கும் சூடாக இருந்தது. தகரக் கூரை, பகல் இரண்டு மணி, சூடாகத்தான் இருக்கும். தெரிந்தும் கையை எடுத்துவிட்டேன்.

வாத்தியார் கேட்டது ஒரே கேள்விதான். இந்த டயர் எத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறது? அது தெரியாமல் காரில் மாட்ட மாட்டேன் என்றார். எனக்குத் தெரியாது, என் கொழுந்தனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அவருக்கு வீட்டில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

உன்னிடம் டயர் பேச்சை எடுப்பது புண்ணைக் கிளறுகிற வேலை என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரி வராந்தாவில் நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டாவது வளைவில் டயர் பிடிக்காமல் வழுக்கிக் கார் சுவரில் மோதியது என்று அவர்கள் சொன்னதும், நீ அத்தையின் காலடியில் உட்கார்ந்து, நான் வாங்கிய டயர்தான் அம்மா, என்னுடைய ரெண்டு கோடு டயர்தான் என்று தலையில் அடித்துக்கொண்டாய். அத்தை உன்னைத் தூக்கவில்லை. "சல்லிசா கிடைச்சுதுன்னு உன் அண்ணனைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டியே" என்றார். அடுத்த வாரம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன்தான் நீ. இப்போது ஏதோ குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறாய், காரில் ஏறுவதுகூட இல்லை, எங்கேயும் நடந்தேதான் போகிறாய் என்று ஸ்பேனர் சொன்னான். கையில் இருந்த வேலை என்ன, நீ செய்கிற வேலை என்ன.

எத்தனை ஓட்டம் என்று ஒரு வரி எழுதிப் போடு, போதும். அந்தக் குளிரில் காலுக்கு இரண்டு உறையாகப் போட்டுக்கொள். சாப்பாட்டு வேளையைத் தள்ளிப் போடாதே. நீ நன்றாக இருந்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது மூச்சு வரும்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைக்கும் அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் கிடைத்தது. மொத்தம் ஐந்து வரி. அதில் ஒரு வரி அத்தையின் கண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். தபால்காரர் கொடுத்தபோது அத்தைதான் வாசலில் இருந்தார். உறையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, யாருடையது என்று கேட்காமல் என் கையில் கொடுத்தார். அன்று முழுக்க என்னிடம் எதற்கும் குற்றம் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

நீ எழுதியிருப்பதை நூறு தடவை படித்துவிட்டேன். கொட்டகையில் இருப்பது ஒன்பது கோடு டயர்கள், ரெண்டு கோடு அண்ணனோடு போய்விட்டது, பக்கவாட்டில் மஞ்சள் கோட்டை எண்ணிப் பாருங்கள், யாருக்கும் கொடுக்காமல் வெட்டிப் போடுங்கள், என் டயரால் ஒரு உயிர் போனது போதும். இதுதான் நீ எழுதியது.

தம்பி, அந்த டயர்களில் கோடு இல்லை. கோட்டை அழித்தது நான்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறேன். இனிமேல் நிறுத்தாமல் எழுதிவிடுகிறேன், நீயும் நிறுத்தாமல் படி.

உங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கோடு எவ்வளவு முக்கியம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகுதான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. பெரிய கம்பெனிக்காரர்கள் ஒரு நாள் ஓட்டிவிட்டுக் கழற்றிப் போடுகிற டயரை, அவர்கள் லாரிக்குப் பின்னால் மணிக்கணக்கில் காத்திருந்து வாங்கிவருவாய். அவர்களுக்குக் குப்பை, நமக்குப் புதுசு என்பாய். பந்தய டயருக்கு வயசு தேய்மானத்தில் இல்லை, எத்தனை தடவை சூடேறி ஆறியது என்பதில்தான் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறுகிவிடும், பார்க்க வாலிபம் உள்ளே கிழம் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் ஓட்டம் ஒன்றுக்கு ஒரு கோடு என்று மஞ்சள் மெழுகுப் பென்சிலால் போட்டு வைப்பாய். ஒன்பது கோடு ஏறிய பழைய நாலைத் தூக்கிப் போடச் சொன்னதும் நீதான். உன் அண்ணனுக்கு எதைத்தான் தூக்கிப் போட மனசு வந்தது? மழை நாளில் பழக உதவும் என்று வைத்துக்கொண்டார். இரண்டு செட்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. கோடு ஒன்றுதான் வித்தியாசம்.

பந்தயத்துக்கு முதல் நாள் நீ வெளியூர் வேலைக்குப் போயிருந்தாய். கொடியில் காயப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு காற்றில் பறந்து டயர் மேல் உரசிக் கரியாகிவிட்டது. அது மூன்றாவது தடவை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. எட்டு டயரையும் உருட்டிக்கொண்டு வந்து, துணி சோப்புத் தூளைக் கொட்டி, தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவினேன். நானாகத்தான் கழுவினேன், யாரும் சொல்லவில்லை. முற்றத்தில் எட்டுக்கும் இடம் இல்லை. நாலை வெயிலில் பரப்பினேன், நாலைச் சுவரோரம் நிழலில் சாய்த்து வைத்தேன். கோடு எதிலும் இல்லை. நான் அதை ஏதோ கிறுக்கல் என்று நினைத்தேன்.

சாயங்காலம் உன் அண்ணன் லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிந்து வந்தார். பார்த்ததும் டயர்களைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு, "டயருக்கெல்லாம் குளியல் போட்டாச்சா, பவுடர் போடலையா" என்று கேட்டார். எனக்கு விஷயம் புரியவில்லை, நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். அவர் உட்கார்ந்து ஒவ்வொரு டயரிலும் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தார். இளசாக இருப்பதில் நகம் இறங்கும், இறுகியதில் இறங்காது என்பது உங்கள் கணக்கு. வெயிலில் கிடந்த நாலில் நகம் இறங்கியது. நிழலில் இருந்ததில் இறங்கவில்லை. வெயிலில் கிடந்ததையே எடுத்து மாட்டினார்.

அப்போதுதான் உன் போன் வந்தது. எந்த செட் என்று கேட்டிருப்பாய். "உன் ரெண்டு கோடுதான்டா. அழுக்கா இருந்துது, நானே கழுவிட்டேன்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நீ என்னைத் திட்டிவிடக் கூடாது என்று என்னைக் காப்பாற்றினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். தம்பி, இந்த ஒரு வருஷமாக நான் கேட்கிற சத்தங்களில் தகரத்தின் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. அந்தச் சிரிப்புத்தான் வந்து வந்து கேட்கிறது. கம்பெனியில் நாற்பது மெஷின் ஓடுகிற இடத்திலும் கேட்கிறது.

வராந்தாவில் நீ ரெண்டு கோடு டயர் என்று அழுதபோதே எனக்குப் பொறி தட்டியது. கோடே இல்லாதபோது எது ரெண்டு கோடு? அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பிறகு, ஒருவேளை அவர் எடுத்தது நிஜமாகவே உன் டயராகவும் இருக்கலாம் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிக்குப் பாதி. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு கொட்டகையைப் பூட்டினேன். உள்ளே போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பூட்டினேன், துக்கத்தில் இல்லை. நீ பெட்டியோடு படி இறங்கியபோதும் நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன்.

இனி கேள். இந்த ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் மறுபடி வந்தார். உன் கடிதத்தில் இருந்ததைச் சொல்லி, தர முடியாது என்று சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் ஒரு டயரை வாசல் வெளிச்சத்துக்கு உருட்டிக்கொண்டு வந்து சாய்த்துப் பிடித்து, "யாரோ கோடு போட்டிருக்காங்களே" என்றார். கிட்டே போய்ப் பார்த்தேன். சும்மா கிடந்ததில் ரப்பரின் மேல்தோல் முழுக்கப் பழுப்பேறியிருக்கிறது. மெழுகு ஊறிய இடத்தில் மட்டும் பழுப்பு ஏறவில்லை. பழுப்புக்கு நடுவில் கறுப்பாக, சாய்வாக, நீ போடுகிற மாதிரியே அடியில் கொஞ்சம் வளைத்து, இரண்டு கோடு. நாலு டயரையும் புரட்டிப் பார்த்தோம். நாலிலும் இரண்டே இரண்டு. மூன்றாவது கோடு எங்கேயாவது இருக்கிறதா என்று நான் தரையில் உட்கார்ந்து விரலால் தடவித் தடவித் தேடினேன். பேயறைந்த மாதிரி இருந்திருப்பேன் போலிருக்கிறது, வாத்தியார் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

உன் அண்ணன் ஓட்டிப் போனது உன் டயர் இல்லை, தம்பி. நீ தூக்கிப் போடச் சொன்ன ஒன்பது கோடு. வெயில் பட்டுக் கொஞ்ச நேரம் இளகியிருந்ததை அவர் இளசு என்று நம்பி எடுத்துக்கொண்டு போனார். நான் வெயிலில் பரப்பியது அதைத்தான். நீ வாங்கியது இங்கேயே இருக்கிறது. உன் கையில் தப்பு இல்லை.

நீ பார்க்க வேண்டும் என்று நாலையும் ஸ்பேனரை விட்டுப் படம் எடுக்கச் சொல்லி இதோடு வைத்திருக்கிறேன். வாத்தியாருக்கு இன்னும் கொடுக்கவில்லை. சும்மா கிடந்த டயரை மாட்டலாமா, அதற்குள் இறுகியிருக்குமா என்று யாரைக் கேட்பது? அவரும், உங்கள் கொழுந்தனார் தொட்டுப் பார்த்துச் சொன்னால்தான் எடுப்பேன், அதுவரை பந்தயத்துக்குப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். நான் தப்பு கண்டுபிடிக்கிற வேலைக்காரி, இந்த ஒன்றில் மட்டும் அம்புக்குறி ஒட்ட ஒரு வருஷம் ஆகிவிட்டது.

என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் பதில் போடு. ஒரு வரியில் திட்டியாவது போடு.

இப்படிக்கு,
உன் அண்ணி

*

அன்புள்ள தம்பிக்கு,

இருபத்து மூன்று நாளாயிற்று. நீ பதில் போடவில்லை. என்னைக் கண்டாலே தபால்காரர் சைக்கிளை வேகமாக மிதிக்கிறார். கடிதம் கைக்கு வந்துவிட்டது, நீ வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாய் என்று மட்டும் உன்னோடு தங்கியிருப்பவர் போனில் சொன்னார். நீ பேச மாட்டேன் என்று கை காட்டியிருப்பாய், அது அவர் குரலிலேயே தெரிந்தது. உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவளுக்கு இருபத்து மூன்று நாள் அதிகமா?

இந்தக் கடிதம் எழுதக் காரணம் வேறு. போன கடிதத்தில் ஒரு பொய் எழுதினேன். அதைத் திருத்தச் சொல்லி உத்தரவு.

அத்தைக்கு இடது கண்ணிலும் புரை எடுத்துவிட்டார்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை சொட்டு மருந்து விட வேண்டும். விட்ட பிறகு ஐந்து நிமிஷம் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு எந்தக் காலத்திலும் தைரியம் வராது. அதனால் நேற்றுக் காலை மருந்தை விட்டுவிட்டு, அந்த ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படுக்கை விரிப்பு, சோப்புத் தூள், வெயில், நகம், போன், கண்ணடித்தது, வாத்தியார், இரண்டு கோடு. சொல்லி முடித்தபோது ஐந்து நிமிஷம் எப்போதோ முடிந்திருந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை. கன்னத்தில் வழிந்தது மருந்தா என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே என்று பயந்து, பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தேன்.

அப்போது கண்ணை மூடியபடியே கேட்டார். "எல்லாம் சொன்னே. மஞ்சக் கோடு போக மாட்டேங்குதுன்னு நீ விட்டுட்டு எழுந்தப்ப, போற வரைக்கும் தேய்னு சொன்னது யாரு? அதை ஏன் சொல்லலை?"

நிஜம்தான், தம்பி. டயரைக் கழுவச் சொன்னதும் அவர்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இங்கே இருக்கிறது, அங்கே இருக்கிறது என்று கைகாட்டித் தேய்க்கச் சொன்னதும் அவர்தான். அவர் கண் மங்கலாக இருந்த காலத்திலும் அந்த மஞ்சள் மட்டும் உறுத்தியிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் தலையில் அதையும் ஏற்ற வேண்டாம் என்றுதான் நானாகக் கழுவினேன் என்று உனக்கு எழுதினேன். அவர் மறந்திருப்பார் என்று நினைத்தேன்.

அவர் மறக்கவில்லை. மறக்காதது மட்டும் இல்லை. வராந்தாவில் நீ ரெண்டு கோடு என்று சொன்ன அந்த நிமிஷமே அவருக்குப் புரிந்துவிட்டதாம். "அவன் கோடுன்னதும் எனக்குத் தெரிஞ்சு போச்சு. அது என் மேல வந்து விழறதுக்குள்ள அவன் மேல தள்ளிட்டேன்" என்றார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அரிசியில் கல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரித்தான் சொன்னார். ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழே, ஒரு வருஷமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறோம். எங்கள் இரண்டு பேர் பாரத்தையும் தூக்கிக்கொண்டு மூன்றாவது ஆள் நீ அங்கே குளிரில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய்.

பிறகு எழுந்து உட்கார்ந்து, அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். வெயில் ஏறும் நேரம், தகரம் அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நாலு நாலா அடிக்குது இல்ல?" என்றார். ஆமாம் என்றேன். நீயும் எண்ணுகிறாயா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. சமையல் அன்றைக்குத் தாமதமாயிற்று.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டு, இதையெல்லாம் ஒன்று விடாமல் அவனுக்கு எழுது என்றார். தான் சொன்னதையும் எழுதச் சொன்னார். நான் எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். அரிசியில் கல் என்று எழுதியிருந்த இடத்தில், இது எதுக்கு என்றார், பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் நான், அம்மா உனக்குச் செய்த தப்புக்கு, என்று ஆரம்பித்தேன். பட்டென்று பேனாவைப் பிடித்துக்கொண்டார். "அந்த வார்த்தையை எழுதாதே. அதைக் காகிதத்துல கேட்கக் கூடாது. நான் அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கணும். எனக்கு இப்ப ரெண்டு கண்ணும் தெரியுதுன்னு மட்டும் எழுது" என்றார்.

அவருக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரிகிறது, தம்பி.

சொன்னபடியே அந்த வார்த்தையை நான் எழுதவில்லை. என்னிடமும் அதே வார்த்தை ஒன்று இருக்கிறது, அதையும் எழுதவில்லை. இரண்டு பேரும் அதை வாயில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிறோம். நீ வந்து கதவைத் தட்டினால் யார் முதலில் சொல்வது என்று எங்களுக்குள் சண்டை வந்தாலும் வரும். வந்து திட்டிவிட்டுத் திரும்பிப் போனாலும் சரி. அந்த வார்த்தையைச் சொல்லாமலே சாகும்படி மட்டும் எங்களை விட்டுவிடாதே.

எங்கே இருந்தாலும் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணியும்,
பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் உன் அம்மாவும்